பதினேழாம் கேள்வியும் பாக்கியத்தின் கைநாட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை கேள்வித்தாளோடு வந்த தம்பியை நான் வாசலிலேயே திருப்பி அனுப்பியது உங்கள் மூன்று பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை பதுளை டவுனிலிருந்து மழையில் நனைந்து வந்திருந்தான். ஏதோ ஒரு வெளிநாட்டு யுனிவர்சிட்டிக்காக, மலைநாட்டில் யார் யார் எவ்வளவு நேரம் டெலிவிஷன் பார்க்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிறானாம்.

"கீழ ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க அங்கிள். மிச்சத்த நான் நெரப்பிக்கிறேன்."

"மேல பொடி எழுத்துல என்னமோ இருக்கே தம்பி, அது என்ன?"

"அது சும்மா அங்கிள். எல்லா போம்லயும் போடுறதுதான்."

நான் அந்தப் போம் தாளை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். கலா, நீ அப்போது கேட்டாய்: "இதே வேலைய அத்தன வருசம் செஞ்சுட்டு, இப்ப ஒரு புள்ளைய வெரட்டி விடுறீங்களேப்பா?" எனக்கு வாயால் பதில் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். ராஜனும் சின்னவளும் படிக்கவேண்டும். உங்கள் அம்மாவும் படிக்கட்டும். அவளுக்கும் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அறுபதுகளின் நடுவில், தோட்டம் தோட்டமாகப் போய்ச் சுகாதாரப் படம் காட்டும் ஒரு வண்டியில் உதவியாளாகச் சேர்ந்தேன். திரை கட்டுவது, ஜெனரேட்டரைக் கிளப்புவது, ஓடி முடிந்த சுருளைத் திருப்பிச் சுற்றுவது, இவ்வளவுதான் முதலில். படங்கள் எல்லாம் இங்கிலீஷில் பேசும். ஒரு நாள் தமிழில் விளக்கம் சொல்கிறவருக்குக் காய்ச்சல் வந்து, மைக் என் கைக்கு வந்தது. படத்தில் வெள்ளைக்காரர் அரை நிமிஷம் பேசுவதை நான் நாலு சொல்லில், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பேச்சில் சொல்லிவிடுவேன். சனம் கைதட்டும். சுருக்கிச் சொல்வதில் பொன்னையாவை மிஞ்ச ஆளில்லை என்று டிரைவரே சொல்வார். அந்தக் கெட்டித்தனம்தான் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பின்னால் சொல்கிறேன்.

வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரி மிஸ் எல்சாவை அப்படிப் படம் காட்டும்போதுதான் முதலில் பார்த்தேன். பசறைப் பக்கம் ஒரு தோட்டம். பொழுது சாய்ந்து படம் ஓடத் தொடங்கியதும், உயரமான வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி திரைக்குக் கீழே, படத்துக்கு முதுகைக் காட்டி, சனத்தைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு கொப்பி, கையில் ஓட்டப்பந்தயத்துக்கு வைத்திருக்கும் கடிகாரம். எல்லாரும் படத்தைப் பார்க்க, அவள் பார்க்கிறவர்களைப் பார்த்தாள். முடிந்ததும் என்னிடம் வந்து கேட்டாள்: கிணற்றுக்கு மூடி போடும் இடத்தில் எல்லாரும் சிரித்தார்களே, அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மூடி போடுகிற ஆள் தொப்பியும் அரைக் கால்சட்டையுமாக வேலை வாங்கும் எங்கள் கணக்கப்பிள்ளை மாதிரியே இருக்கிறார். முன்வரிசையில் ஒரு பையன், "ஏய், நம்ம கணக்கப்புள்ள குனிஞ்சு வேல செய்றாரு டோய்!" என்று கத்தினான். அதற்குத்தான் சிரிப்பு.

அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டாள். பிறகு கொப்பியை மூடி, "எனக்கு வேலை செய்ய வருகிறீர்களா?" என்று கேட்டாள். அப்படித்தான் நான் ஆராய்ச்சிக்காரர்களோடு சேர்ந்தேன்.

அவள் ஆராய்ச்சி இதுதான். தோட்டத்துச் சனங்கள் என்ன சினிமா பார்க்கிறார்கள், எந்த ரேடியோ கேட்கிறார்கள், அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்கிறார்கள் என்று மூன்று நாடுகளில் விசாரிப்பது. நம் நாடு ஒன்று, மலாயா ஒன்று, இன்னொன்று பெரிய கடலில் ஒரு தீவு. மூன்று இடத்திலும் அதே கேள்வி, அதே வரிசை. "ஒரு இடத்தில் அளவுகோலை மாற்றினால், மற்ற இரண்டு இடத்தில் அளந்தவர்களும் பொய்யர்கள் ஆவார்கள், மிஸ்டர் பொன்னையா," என்பாள். என்னை மிஸ்டர் போட்டுக் கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான்.

அவளிடம் வேலை பழகுவது லேசில்லை. அச்சடித்த கேள்வித்தாளில் பென்சிலால் மட்டும் எழுத வேண்டும். அழிறப்பர் கூடாது. பிழைத்துவிட்டால் ஒரே கோடு கிழித்து, பக்கத்தில் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். கேள்வியை அச்சில் உள்ளபடி வாசிக்க வேண்டும். பதில் சொல்லும்போது தலையாட்டக் கூடாது. இதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். யாராவது பேசினால் நம் தலை தானாக ஆடும். அவள் என் பின்னால் நின்று, ஆடினால் முதுகில் பென்சிலால் ஒரு குத்து. "நீங்கள் ஆட்டினால் அவர்கள் அதையே சொல்வார்கள்." வீட்டுக்கு வந்தபின் உங்கள் அம்மா பேசும்போது நான் மரம்போல நிற்பதைப் பார்த்து, "ஏங்க, காது போச்சா?" என்று கேட்டாள்.

கடைசியில், பதில் சொன்னவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். சம்மதித்துத்தான் சொன்னார் என்பதற்கு அது சாட்சி. அந்தக் கைநாட்டில்தான் எல்லாம் வந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. அந்தக் காலத்தை நீங்கள் பார்க்கவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, தோட்டத்துச் சனங்களில் ஒரு பகுதியை அங்கே அனுப்புவது, ஒரு பகுதிக்கு இங்கே பிரசாவுரிமை கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. ஒவ்வொரு வீட்டாரும் ஏதாவது ஒரு பக்கத்துக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். பதில் வராமல் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒரே லயத்தில் ஒரு வீடு பெட்டி கட்டும், பக்கத்து வீடு அரசாங்கக் கச்சேரியிலிருந்து வரும் கடிதத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது காகிதமும் பென்சிலுமாக லயத்துக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும்.

நமுனுகுல மலைக்குக் கீழே உள்ள ஒரு தோட்டத்துக்கு நாங்கள் போனது அப்போதுதான். அதன் பெயர் வேண்டாம். மிஸ் எல்சாவின் கணக்கில் அது நான்காம் தோட்டம். தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி வாங்கியாயிற்று. மிஸ் ஒரு பக்கம் சனங்களோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள், நான் வீடு வீடாகக் கேள்வி கேட்பேன் என்று ஏற்பாடு. இந்த முறை என் முதுகுக்குப் பின்னால் அவள் இல்லை.

கேள்விகளைத் தமிழில் எழுதித் தந்தவர் கொழும்பில் ஒரு பெரிய படிப்பாளி. பதினேழாம் கேள்வி இப்படி இருந்தது: "பின்வரும் நாடுகளின் ஒலிபரப்புகளுள் எதனைத் தாங்கள் பெரும்பாலும் செவிமடுக்கிறீர்கள்?"

முந்திய தோட்டங்களில் மிஸ் பின்னால் நின்றதால் அதை விளங்கும்வரை திரும்பத் திரும்ப வாசித்தேன்; இங்கே முதல் வீட்டில் ஒரு தடவை வாசித்தேன். அடுப்படியில் நின்ற அம்மா உள்ளே திரும்பி, "என்னடி கேக்குறாரு?" என்றாள்.

"காதுல மாட்டக் கட்டிருக்கியான்னு கேக்குறாரு போல."

'செவிமடு' அவளுக்குச் 'செவி', 'மாடு' என்று கேட்டிருக்கிறது. லயம் முழுக்கச் சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. இரண்டாம் வீட்டிலும் அதே கதை. மூன்றாம் வீட்டில் நான் மைக் பிடித்த பழைய பொன்னையாவானேன். ரேடியோவில் ஸ்டேஷன் எடுப்பதை நாம் 'புடிக்கிறது' என்றுதானே சொல்வோம்? கேள்வியை நாலு சொல்லாகச் சுருக்கினேன்.

"இந்தியாவா, சிலோனா: எது புடிக்கும்?"

பதில் உடனே வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதோடு, தாளின் தலையில் பொடி எழுத்தில் நாலு வரி இருந்தது. தாங்கள் விரும்பின் தங்கள் விடைகளை எவ்வேளையிலும் மீளப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஏதோ. அதை வாசிக்க ஆரம்பித்தால் பிள்ளை அழும், சோறு பொங்கி வழியும், ஆள் எழுந்து போய்விடுவார். அதையும் விட்டேன். மிஸ்ஸிடம் இரண்டையும் சொல்லவில்லை.

முதல் லயத்தில் எல்லா வீடும் "சிலோன்". ஒரு வீட்டில், உள்ளே ரேடியோவில் திருச்சியிலிருந்து பாட்டு வந்துகொண்டே இருக்கிறது, வீட்டுக்காரர் என் கண்ணைப் பார்த்து, "சிலோன்தாங்க. எப்பவும் சிலோன்தான். எழுதிக்கங்க," என்கிறார். வேறொரு ஆளிடம் ரேடியோவே இல்லை. அவரும் "சிலோன்" என்றார். அடுத்த லயத்தில் ஆறு வீடு வரிசையாக "இந்தியா". அந்த ஆறு வீட்டிலும் மூலையில் புதுத் தகரப் பெட்டி இருந்ததை என் கண் பார்த்தது. புத்தி பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை மிஸ் தாள்களைப் புரட்டி நெற்றியைச் சுருக்கினாள். மற்றத் தோட்டங்களில் பதில்கள் கலந்து வந்தன, இங்கே மட்டும் லயம் லயமாகப் பிரிந்து நிற்கிறதே என்றாள். வெகுநேரம் யோசித்துவிட்டு, ஒரு தாளில் நமுனுகுல மலையை வரைந்தாள். மலை குறுக்கே நிற்பதால் இந்த லயத்துக்கு இந்திய ஒலிபரப்பு வராது, அந்த லயத்துக்கு வரும் என்று அம்புக்குறி போட்டாள்.

"சரிதானே, மிஸ்டர் பொன்னையா?"

"ஆமா, மிஸ்," என்றேன். தலையையும் ஆட்டினேன்.

மூன்றாம் நாள் பகல், பாக்கியத்தின் வீடு. அவள் கொழுந்து எடுக்கிறவள், கையில் காயம் என்று அன்று மலைக்குப் போகவில்லை. புருஷன் மாடசாமி தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்குப் போயிருந்தான். துணி போர்த்திய ரேடியோ ஒன்று சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பதினேழாம் கேள்வியைக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"இந்தியாதாண்ணே. சிலோனத் திருப்புனா கொரகொரங்குது. இந்தியா கண்ணாடியாட்டம் புடிக்கும்."

எழுதிக்கொண்டு மைப்பெட்டியை நீட்டினேன். காயம்படாத கையின் பெருவிரலை அழுத்தி வைத்துவிட்டு, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "அடுத்த வாட்டி நாடகம் போடுற நேரத்துல வராதீங்கண்ணே," என்றாள்.

நான் தங்கியிருந்தது தோட்டப் பள்ளிக்கூட மாஸ்டரின் வீட்டில். வேலை விட்டு அரைமணி நேரம் ஆகியிருக்காது, மாடசாமி வந்து நின்றான். கையில் கவ்வாத்துக் கத்தி. வீட்டுக்குப் போனவன் அதைக் கீழே வைக்கவும் மறந்து வந்திருக்கிறான் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

"அண்ணே, எங்க வீட்டுல ஒரு போம் எழுதுனீங்களாமே. அதக் குடுங்க."

"அது ரேடியோ சம்பந்தமாத்தான் மாடசாமி. பயப்பட ஒண்ணுமில்ல."

"ரேடியோவுக்கு எதுக்குண்ணே கைநாட்டு?"

நான் தாள் இருந்த பையைக் காலடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"நீங்க கேட்டது என்ன? 'இந்தியாவா சிலோனா, எது புடிக்கும்'னு. அந்தக் கூறுகெட்டவ இந்தியான்னுருக்கா. லயமே சொல்லிச் சிரிக்குது, ஒன் பொஞ்சாதி கப்பல்ல ஏறிட்டான்னு. அடுத்த வியாழக்கெழம எங்களுக்குக் கச்சேரியில வெசாரண. சிலோன்தான் வேணும்னு எழுதிக் குடுத்து நாலு வருசமாக் காத்துக்கிட்டு இருக்கோம். அங்க அந்த ஐயா இந்தத் தாள எடுத்துப் போட்டு, 'ஒன் பொஞ்சாதிக்கு இந்தியாதான் புடிக்குமாமே'ன்னா, நா என்னண்ணே சொல்லுவேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாளாக, ஐம்பத்தெட்டு வீட்டில் நான் ரேடியோவைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் நாட்டைச் சொன்னார்கள். எந்தப் பக்கம் எழுதிப் போட்டார்களோ அந்தப் பக்கத்தைச் சொன்னார்கள். ரேடியோவில்லாத மனுஷன் "சிலோன்" என்றது அதனால்தான். நான் கேட்டதை ரேடியோவென்றே எடுத்துக்கொண்டு உண்மையைச் சொன்னவள் பாக்கியம் ஒருத்திதான். அவள் கழுத்துக்குத்தான் கயிறு.

"நாளைக்கு மிஸ்ஸிடம் கேட்டுத் தாரேன்," என்றேன். அவன் என் பையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய்விட்டான்.

இனிச் சொல்வதுதான் உங்கள் அம்மாவுக்கும் சொல்லாதது. அவன் போனதும் பாக்கியத்தின் தாளை எடுத்தேன். 'இந்தியா' என்று என் கையெழுத்து. அழித்துச் 'சிலோன்' என்று எழுதிவிட்டால் அவர்களுக்கும் ஆபத்தில்லை, மிஸ்ஸுக்கும் தெரியாது, என் வேலையும் தப்பும். கலா, நீ அப்போது உங்கள் அம்மா வயிற்றில் ஆறு மாசம். அழிறப்பர்தான் இல்லையே. மாஸ்டரின் சவரப் பிளேடை எடுத்துச் சுரண்டினேன். இரண்டு எழுத்துப் போயிற்று. மூன்றாவது எழுத்தில் தாள் கிழிந்து, வெளிச்சம் தெரிகிற மாதிரி ஓட்டை விழுந்துவிட்டது. தாளை மடித்து மற்றத் தாள்களுக்கு நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் சாப்பிடக் கூப்பிட்டார். வயிறு சரியில்லை என்றேன்.

மறுநாள் காலை ஜீப், வேலைக்காரர்கள் கூடும் பெரட்டுக் களத்துக்கு வந்தபோது ஒருவரும் மலைக்குப் போகவில்லை. பேர் கூப்பிட்டு முடிந்து, கூடையைத் தலையில் மாட்டியபடியே பெண்கள் நின்றார்கள். ஆண்கள் முன்னால் வந்து ஜீப்பைச் சுற்றினார்கள்.

"போம குடுத்துட்டுப் போங்க!"

"யாருக்கு அனுப்புறீங்க அத? கச்சேரிக்கா?"

"தொரைசானி கண்ணுக்கு எட்டாம நீதான்யா எழுதுன! நீ சொல்லு!"

அது என்னைப் பார்த்து. அந்த நேரத்தில் ஆபீசுக்குள்ளிருந்து பெரிய கிளாக்கர் வந்தார். கலவரம் என்று துரைக்குச் செய்தி போயிருக்கிறது. "மிஸ், எல்லாத் தாளையும் துரை பார்க்க வேண்டுமாம். ஆபீசில் கொடுத்துவிட்டு நீங்கள் போகலாம்," என்று இங்கிலீஷில் சொல்லிக் கையை நீட்டினார்.

மிஸ் என்னைப் பார்த்தாள். "இவர்கள் என்ன சொல்கிறார்கள், மிஸ்டர் பொன்னையா?"

இரண்டு பக்கத்துக்கும் வாய் நான்தான். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அவளுக்குத் தெரியும். கூலி கூட்டிக் கேட்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பெண்கள் வரிசையில் பாக்கியம் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவளைப் பார்த்த பிறகு பொய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். தாளைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

அவள் அதை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். ஓட்டை வழியாகக் காலை வெயில் அவள் கன்னத்தில் விழுந்தது.

"இது என்ன?"

"நான் சுரண்டினேன், மிஸ்."

"என்ன சொல்லைச் சொல்லிக் கேட்டீர்கள்? தமிழில் சொல்லுங்கள். மெதுவாக."

"எது புடிக்கும்."

"அதற்கு என்ன அர்த்தம்?"

"ரேடியோவில் எது எடுக்கும் என்று அர்த்தம். எது விருப்பம் என்றும் அர்த்தம்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "மேலே உள்ள நாலு வரியை வாசித்தீர்களா?"

"இல்லை, மிஸ்."

"எத்தனை வீட்டில்?"

"ஒரு வீட்டிலும் இல்லை."

அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். போடவில்லை. "இப்போது சொல்லுங்கள்," என்றாள். "எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அவர்களுடைய சொல்லில்."

கொழுந்து நிறுக்கும் கொட்டிலின் படியில் ஏறினேன். ஆயிரம் பேர் முன்னால் மைக்கில் பேசியவன் நான். அன்று குரல் எழும்பவில்லை. "சத்தமா!" என்று யாரோ கத்தினார்கள்.

"நீங்க சொன்னது ஒங்களுக்குச் சொந்தம். எப்ப வேணும்னாலும் திருப்பி வாங்கிக்கலாம். இத உங்களுக்கு மொதல்லயே சொல்லியிருக்கணும். நான் சொல்லல. நான் கேட்ட கேள்வியும் பிழ. ரேடியோவத்தான் கேட்டேன், நாட்ட இல்ல. பிழ எம்மேலதான்."

பெரிய கிளாக்கர் மிஸ்ஸின் பக்கம் இன்னும் நெருங்கி, "துரை காத்திருக்கிறார்," என்றார்.

"துரைக்குக் கொடுக்க இவை என்னுடையவை இல்லை," என்றாள் மிஸ்.

"அப்படியென்றால் இந்தத் தோட்டத்தில் உங்களுக்கு அனுமதியும் இல்லை."

"விளங்குகிறது," என்றாள். ஸ்டூலை இறக்கி ஜீப்புக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, தாள்களை மடியில் வைத்தாள்.

முதலில் வந்தவள் பாக்கியம். கூடையைக்கூட இறக்கவில்லை. தாளை வாங்கி, கைநாட்டு எங்கே என்று பார்த்து, அதைத் தடவினாள். பிறகு மேலே ஓட்டையைப் பார்த்தாள்.

"இது என்னண்ணே?"

"நான்தாம்மா. இந்தியாவச் சொரண்டிப் பாத்தேன்."

"ஏண்ணே? நா உண்மையத்தானே சொன்னேன்? எங்க ரேடியோல இந்தியாதானே புடிக்குது?"

"வாய மூடுடி!" என்றான் மாடசாமி. கூட்டத்தில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் மற்றவர்கள் வரிசைக்கு வந்தார்கள். நான் பேரை வாசிக்க, மிஸ் எழுந்து எழுந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். கிளாக்கர் கடைசிவரை நின்று பார்த்தார். ஐம்பத்தெட்டுத் தாளும் போயிற்று. சிலர் அங்கேயே கிழித்தார்கள். ஒருவர் தீக்குச்சி கேட்டார். ரேடியோ இல்லாமல் "சிலோன்" என்று சொன்னவர் மட்டும் தாளை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு, "இருக்கட்டும், ஒரு சாட்சிக்கு," என்றார்.

ஜீப்பில் மிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். நான் என்ன வேலை தேடுவது, பட வண்டியில் திரும்பச் சேர்ப்பார்களா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். பசறைப் பாலத்தைத் தாண்டியதும், மலையை வரைந்து அம்புக்குறி போட்ட தாளை எடுத்துக் கிழித்தாள்.

"என் முட்டாள்தனமும் இருக்கிறது," என்றாள். "படித்தவரிடம் எழுதி வாங்கினேன். உங்களிடம் வாசித்துக் காட்டச் சொல்லவில்லை." பிறகு, "சொல்லை மாற்றியது ஒரு பிழை. பிளேடை எடுத்தது வேறு. அதை இன்னொரு முறை செய்தால் நீங்கள் என்னிடம் இருக்கமாட்டீர்கள்."

அடுத்த தோட்டத்துக்குப் போகும் முன் பதுளையில் இரண்டு நாள் உட்கார்ந்து, எல்லாக் கேள்வியையும் லயத்துப் பேச்சில் திருப்பி எழுதினோம். ஒவ்வொரு சொல்லுக்கும், இதற்கு வேறு அர்த்தம் உண்டா, இதைக் கேட்டு யாராவது பயப்படுவார்களா என்று கேட்டுக் கேட்டு எழுதினோம். கைநாட்டை எடுத்துவிட்டாள். மேலே உள்ள நாலு வரியை நான் மனப்பாடம் செய்தேன். அவள் போனபின் வந்த ஆராய்ச்சிக்காரர்கள் எத்தனையோ பேர். சினிமாவைப் பற்றிக் கேட்டவர்கள், பேப்பரைப் பற்றிக் கேட்டவர்கள், கடைசியில் டெலிவிஷன். பதில் சொல்ல வந்த எல்லாருக்கும் அந்த நாலு வரியைச் சொல்லிவிட்டுத்தான் பென்சிலை எடுத்தேன். இதனால் வேலை சுணங்குகிறது என்று ஒரு புரொபசர் என்னை நிறுத்தியும் இருக்கிறார். அந்த மூன்று மாசம் நான் ஏன் வீட்டில் இருந்தேன் என்று ராஜனுக்கு நினைவிருக்கும்.

அலுமாரியில் இருக்கும் பச்சை அட்டைப் புத்தகம் மிஸ் எல்சா அனுப்பியது. முழுக்க வாசிக்க எனக்கு இங்கிலீஷ் போதாது. நான்காம் தோட்டத்தை மட்டும் தேடினேன். எல்லாத் தோட்டத்துக்கும் எண்கள் வரிசையாக இருக்க, அதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. அடியில் ஒரு வரி: விடைகள் உரியவர்களிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டன, பிழை எங்களுடையது. எங்களுடையது என்றுதான் போட்டிருந்தாள்.

கலா, அந்தத் தம்பி திரும்ப வந்தால் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடு. மேலே இருப்பதை வாசிக்கச் சொல். வாசித்தான் என்றால் நான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறேன்.

பாக்கியத்தை அதற்குப் பிறகு ஒரு தடவைதான் பார்த்தேன். இரண்டு வருஷம் கழித்து, பதுளை ஸ்டேஷனில். நான் பண்டாரவளைக்குப் போக ரயிலுக்கு நின்றேன். வந்தது இந்தியக் கப்பலுக்குப் போகிறவர்களின் கோச்சி. பிளாட்பாரம் முழுக்கக் கட்டிப்பிடித்து அழுகிறவர்கள். ஜன்னலோரத்தில் மாடசாமி. என்னைக் கண்டதும் தலையை வெளியே நீட்டினான். அவனுடைய அப்பாவின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்ததாம். விசாரணையில் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

"அந்தப் போமுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லண்ணே. அத அன்னிக்கே அடுப்புல போட்டுட்டோம். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

வைக்காமல் எப்படி இருப்பது? அந்தத் தாள் அந்த ஒரு நாளில் யார் கண்ணிலாவது பட்டதா, லயத்துச் சிரிப்பு யார் காதுக்காவது போனதா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

பாக்கியம் உள்ளே இருந்தாள். மடியில் அந்த ரேடியோ, அதே துணி போர்த்தியபடி. கோச்சி ஒரு குலுக்குக் குலுக்கியது. அவள் ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"அண்ணே, நீங்க ரேடியோ படிச்சவரு. ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"அங்க சிலோன் புடிக்குமாண்ணே?"

கோச்சி நகர்ந்துவிட்டது. நான் கூடவே நடந்தேன். அவள் எந்தச் சிலோனைக் கேட்கிறாள் என்று இந்த முறை நான் ஊகிக்கவில்லை. ரேடியோவைப் பற்றி எனக்குத் தெரிந்த உண்மையை மட்டும் சொன்னேன்.

"புடிக்கும்மா. அங்க நல்லாப் புடிக்கும்."

சொல்லும்போது என் தலை ஆடிவிட்டது.